பைபர்கேஷன்: நாடியின் கவர்

கழுத்து ஸ்கான் எடுத்துக்கொண்டு வந்த பெரியம்மா, அறிக்கையில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "தம்பி, இது என்ன வருத்தம்?" என்றா. பைபர்கேஷன். வருத்தமில்லை, இடம். கழுத்து நாடி குரல்வளை மேட்டருகே இரண்டாகி, ஒன்று மூளைக்கும் மற்றது முகத்துக்கும் போகிற இடம். (தமிழ்நாட்டார் தமனி என்பார்கள், எங்களுக்கு நாடி.)

லத்தீனில் 'பை' இரண்டு, 'ஃபூர்கா' வைக்கோல் அள்ளும் கவைக்கோல். முல்லைப்பாட்டில் யானையைப் பழக்கும் 'கவைமுட் கருவி'க்கும் அதே உருவந்தான். கவை, கவர், கவடு, கவட்டை எல்லாம் ஒரு குடும்பம். சங்கப் பாட்டில் வழி பிரியும் இடம் 'கவலை'. எங்கட பெடியள் கெற்றப்போலுக்கு (உண்டிவில்லுக்கு) கொய்யாவில் தேடி வெட்டுவது கவர்த்தடி. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில், உயிர்களை இரண்டிரண்டாகப் பிரித்து இனங்காணும் 'இணைக்கவர்ச் சுட்டி' இருக்கிறது. ஆக, 'நாடிக்கவர்' என்றால் யாருக்கும் விளங்கும்.

'நாடிப் பிளவு' எனக்கு ஒப்பவில்லை. பிளவென்றால் கிழிசல், நாடிச்சுவர் கிழிவது வேறொரு ஆபத்து. 'இருகூறாதல்' சரிபாதி என்ற எண்ணத்தைத் தரும். இரத்தம் அப்படிப் பங்கிடுவதில்லை. தடை குறைந்த பக்கம் கூடப் போகும். கழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு மூளைப் பக்கந்தான். குழாயின் ஆரை பாதியானால் தடை 16 மடங்காகும். 1926இல் உடலியல் ஆய்வாளர் செசில் மரே ஒரு கணக்குச் சொன்னார்: தாய்நாடி ஆரையின் கனம் (மூன்றாம் அடுக்கு), கிளைகளின் ஆரைக் கனங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். அதன்படி 1 மில்லிமீற்றர் ஆரையுள்ள நாடி ஒத்த இரு கிளையானால், ஒவ்வொன்றும் 0.5 அல்ல, 0.79. சிறு நாடிகளில் இது பெரும்பாலும் பொருந்துகிறது.

வெங்காயத் தோட்டத்தில் தண்ணி மாறினவருக்கு மிச்சம் தெரியும். வாய்க்கால் கவர்விடுகிற இடத்தில் தண்ணி நேரே மோதுகிற முனை கழுவுப்பட்டுக் கிடக்கும். ஓட்டம் மந்தமாகிற வெளிக்கரையில் சேறு படியும். நாடியிலும் கொழுப்புப் படிவு கூடுதலாகத் தொடங்குவது கவரின் வெளிச்சுவரில். ஸ்கானில் அந்த இடத்தைத் தனியாகப் பார்ப்பது அதனால்தான்.

இவ்வளவையும் சொல்லி, "தமிழில கவர், பெரியம்மா" என்றேன்.

"கவரோ? அது மேசையில கிடக்கு" என்று ஸ்கான் வந்த உறையைக் காட்டினா.