அட்டை ஓவியம் ஏன் உரிகிறது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து லயத்து வீடு ஒன்றைக் காலி செய்தால், பரணிலிருந்து ஆனந்த விகடனோ கல்கியோ கட்டாக இறங்கலாம். உடனே பிரிக்கக் கை துறுதுறுக்கும். அட்டை கிழிவது அப்போதுதான்.

காரணம் வழவழப்புத் தாளின் மேற்பூச்சு. ஓவியம் பளிச்சென்று விழுவதற்காக வெண்களிமண்ணைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். ஈரம் பட்டால் பூச்சு இளகும். அடுக்கில் அழுந்தியபடியே காய்ந்தால், ஒன்றின் பின்னட்டையும் அடுத்ததன் முகப்பும் ஒரே தாளாகிவிடும். பிறகு பிரித்தால் ஓவியத்தோடுதான் வரும். எனவே கூரை ஒழுகி நனைந்த இதழை, காய்வதற்குள் பிரித்து இடையிடையே கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாளைச் செருக வேண்டும். அன்றைக்கு நேரமில்லையா? ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். உறைந்த நீர் பசையை இளக்காது, பூஞ்சணமும் வளராது.

உள்தாள் வேறு சாதி. மரத்தை அப்படியே அரைத்த கூழ் என்பதால் மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது மஞ்சளிக்கும். தாளில் ஊறும் அமிலம் நார்களை அறுக்கும். ஈர நாற்றம் போக வெயிலில் உலர்த்துவது இதை விரைவுபடுத்தும், அட்டையின் சிவப்பையும் மஞ்சளையும் வெளிறவும் வைக்கும். நீலமும் கறுப்பும் மிஞ்சுவதால்தான் பழைய அட்டைகளில் லட்சுமியின் முகம் நீலம் பாய்ந்து கிடக்கிறது.

நம்மூர்க் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். பூஞ்சணத்துக்கு 65 முதல் 70 போதும். கேமரா வைக்கும் உலர்பெட்டியில் 50ஐ ஒட்டி வைத்தால் நிம்மதி. இறுக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுபவர்கள் கிராம் கணக்கை நம்பாமல், உள்ளே சின்ன ஈரமானி வைத்து முள்ளைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

துருப்பிடித்த கம்பிப்பின்னைப் பிடுங்காதீர்கள். நடுப்பக்கத்தில் மடங்கிய கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முதுகுப்பக்கமாக மெல்ல வெளியே தள்ளுங்கள். பழைய துளைகள் வழியாகவே பருத்தி நூல் கோத்துவிடலாம். உறைக்கு பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் நல்லது, பி.வி.சி. பிளாஸ்டிக் நாளடைவில் அமிலம் கக்கும், மையையும் இழுக்கும். பால்மரம் சோறு போட்ட ஊரில் சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் ரப்பர் வளையம் கூடவே கூடாது: இளகி ஒட்டி, பழுப்புக் கோடு போட்டுவிடும். கட்டுவதென்றால் அகலமான பருத்தி நாடா.