வட்டை மாட்டிவிட்டு விலகிக்கொள்ளும் செருகுநிரல்

நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஓபன்ஸ்டாக் மேகத்தில் (பல கணினிகளை ஒன்றுசேர்த்து, மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினிகளைக் கேட்பவருக்குத் தரும் அமைப்பில்), சேமிப்புக் கருவிகளோடு பேசும் சேமிப்புச் செருகுநிரலை ஏற்றி நடத்தும் 'சிண்டர் வால்யூம்' என்ற சேவையை நிர்வாகி திடீரென நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன் தரவை வலையமைப்பின் வழியே வேறோர் இடத்தில் உள்ள வட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. சேவை நின்ற பிறகும் அவற்றில் எதுவும் தடைபடுவதில்லை. படிப்பதும் எழுதுவதும் முன்போலவே நடக்கின்றன. புதிதாக ஒரு வட்டைக் கேட்பவருக்கு மட்டும் அது கிடைக்காது. மாட்டியிருக்கும் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்ட முயல்பவரும் காத்திருக்க வேண்டியதுதான். சேமிப்புச் செருகுநிரல் எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் நிற்பதில்லை என்பதை இந்தச் சோதனை காட்டிவிடுகிறது. அதை நிறுவும்போது செய்ய வேண்டிய வேலைகள் ஏன் இத்தனை கணினிகளில் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது.

ஓபன்ஸ்டாக் 2010ஆம் ஆண்டில் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய திறமூலத் திட்டம். மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் நோவா என்ற பகுதியே ஆரம்பத்தில் அவற்றுக்கான வட்டுகளையும் கவனித்துக்கொண்டது. சேமிப்புக் கருவிகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசுபவை: ஒன்றுக்கு ஐஸ்கஸி நெறிமுறை, இன்னொன்றுக்கு ஃபைபர் சேனல், மற்றொன்றுக்கு அதற்கே உரிய தனி நிரல்நூலகம். இவற்றையெல்லாம் நோவாவுக்குள்ளேயே வைத்துப் பராமரிக்க முடியாது என்றானபோது, 2012இல் வெளியான ஃபோல்சம் பதிப்பில் சேமிப்பு வேலை சிண்டர் என்ற தனிச் சேவையாகப் பிரிக்கப்பட்டது. வட்டை உருவாக்கு, அழி, பெரிதாக்கு, அதன் நிலையைப் படமெடுத்து வை, இணைப்பு விவரத்தைக் கொடு என்பன போன்ற சில கட்டளைகளைச் சிண்டர் வரையறுத்து வைத்திருக்கிறது. அந்தக் கட்டளைகளைத் தன் கருவிக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்லும் பைத்தான் நிரலே செருகுநிரல். ஓபன்ஸ்டாக் வட்டாரத்தில் இதை டிரைவர் என்றே அழைப்பார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியின் வேலை அதற்கு.

பயனர் ஒருவர் 100 ஜிபி வட்டு கேட்கும்போது அந்தக் கோரிக்கை முதலில் சிண்டரின் ஏபிஐ சேவைக்கு வருகிறது. அது தரவுத்தளத்தில் ஒரு பதிவை இட்டு, 'உருவாகிறது' என்று நிலையைக் குறித்துவிட்டு, ராபிட்எம்க்யூ போன்ற செய்தி வரிசையில் ஒரு செய்தியைப் போடுகிறது. அதை எடுக்கும் ஷெட்யூலர், எந்தச் சேமிப்பகத்தில் இடம் இருக்கிறது, எது கேட்ட வகையோடு பொருந்துகிறது என்று சலித்துப் பார்த்து, மிஞ்சியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது; வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், காலி இடம் அதிகமுள்ளதே தேர்வாகும். அதன் பிறகுதான் உரிய டிரைவரிடம் வேலை வந்து சேர்கிறது. வட்டை மெய்நிகர் கணினியில் மாட்டும்போது நோவா சிண்டரைக் கேட்கிறது, சிண்டர் டிரைவரைக் கேட்கிறது, டிரைவர் சேமிப்பகத்தின் முகவரியையும் வட்டின் பெயரையும் எந்த அடையாளத்தோடு உள்ளே நுழைய வேண்டும் என்பதையும் திருப்பித் தருகிறது. இதோடு டிரைவரின் பங்கு முடிந்துவிடுகிறது. அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு சேமிப்பகத்தோடு நேரடியாகப் பேசுவது, மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீட்டுக் கணு. ஆக, கட்டளை செல்லும் பாதை ஒன்று, தரவு செல்லும் பாதை வேறொன்று. நிறுவுபவர் இரண்டையும் தனித்தனியாக அமைக்க வேண்டியிருக்கிறது.

செஃப் என்ற பரவல் சேமிப்பகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வெயில் மேற்கொண்ட ஆய்விலிருந்து பிறந்த இந்த மென்பொருளின் பெயர், எண்காலி முதலிய உயிரினங்களைக் குறிக்கும் செஃபலோபாட் என்ற சொல்லின் சுருக்கம். பல சர்வர்களில் உள்ள சாதாரண வட்டுகளை ஒன்றாகத் திரட்டி ஒரே சேமிப்பகமாகக் காட்டும் இது, ஒரு மெய்நிகர் வட்டை இயல்பாக 4 எம்பி அளவுள்ள துண்டுகளாக்கி அவற்றிலெல்லாம் பரப்பி வைக்கிறது. இதற்கான டிரைவர் சிண்டரோடு சேர்ந்தே வருவதால், அதைத் தனியாகப் பதிவிறக்கத் தேவையில்லை. சிண்டர் வால்யூம் சேவை ஓடும் கணினியில் செஃப்புக்கான பைத்தான் நூலகத்தையும், கணக்கீட்டுக் கணுக்களில் செஃப்பின் வாடிக்கையாளர் பொதியையும் நிறுவினால் போதும். 'நிறுவுதல்' என்ற சொல்லுக்கு உரிய வேலை இவ்வளவுதான். மீதியெல்லாம் பெயர்களையும் சாவிகளையும் பொருத்துவதே.

முதலில் செஃப் பக்கம். வட்டுகளுக்கென்று ஒரு பூல் (சேமிப்பகத்தில் பெயரிட்டு ஒதுக்கும் பகுதி) உருவாக்கி, சிண்டருக்கென்று ஒரு பயனர் பெயரைப் பதிந்து, அந்தப் பயனர் அந்தப் பூலில் மட்டும் படிக்கவும் எழுதவும் உரிமை தர வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிச் சாவியையே சிண்டரிடம் கொடுத்துவிட்டாலும் வேலை நடக்கும். நடக்கும் என்பதாலேயே பலர் சோதனையின்போது அப்படிச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சிண்டரின் கணினியில் குறைபாடு ஒன்று வந்தால் சேமிப்பகம் முழுவதும் பறிபோகும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சில நிமிட மிச்சம் மிகவும் விலையுயர்ந்தது. பயனருக்குக் கிடைக்கும் சாவிக் கோப்பைச் சிண்டர் சேவை எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கு படிக்கும்படி உரிமை மாற்றி வைக்கவும் வேண்டும். கோப்பு சரியான இடத்தில் இருந்தும் உரிமையாளர் ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்காகவே இருந்துவிட்டால், டிரைவர் தொடங்கும்போதே தோற்றுப்போகும்.

அடுத்தது, தரவுப் பாதைக்கான சாவி. மெய்நிகர் கணினியை ஓட்டுவது க்யூஎமு. அதை மேற்பார்ப்பது லிப்வர்ட். செஃப்போடு பேச வேண்டியது க்யூஎமு என்பதால், சாவி கணக்கீட்டுக் கணுவிலும் இருந்தாக வேண்டும். வழக்கமான அமைப்பில், சாவியையே சிண்டரிடமிருந்து அனுப்பிக்கொண்டிருக்காமல், லிப்வர்ட்டின் இரகசியப் பெட்டகத்தில் அதை முன்கூட்டியே வைத்து, அந்தப் பெட்டகத்துக்கு ஒரு தனித்த அடையாள எண்ணைச் சூட்டிவிடுகிறார்கள். 36 எழுத்துகள் கொண்ட அந்த எண் சிண்டரின் அமைவுக் கோப்பிலும் எழுதப்படுகிறது. வட்டை மாட்டும் நேரத்தில் டிரைவர் 'இன்ன எண்ணுள்ள பெட்டகத்தைத் திற' என்று மட்டும் சொல்லும். சாவி கணுவை விட்டு வெளியே போவதில்லை. ஏற்பாடு அழகானது, ஆனால் தவறு நுழைய வாகான இடமும் இதுவே. இருபது கணுக்களில் பத்தொன்பதில் பெட்டகம் இருந்து ஒன்றில் இல்லாவிட்டால், வட்டு ஒழுங்காக உருவாகும், பத்தொன்பது கணுக்களில் ஒழுங்காக மாட்டும், அந்த ஒரு கணுவில் பிறந்த மெய்நிகர் கணினிக்கு மட்டும் மாட்டாது. சிண்டரின் பதிவுக் கோப்பை எத்தனை முறை புரட்டினாலும் காரணம் அங்கே கிடைக்காது. அந்தக் கணுவில் உள்ள நோவாவின் பதிவுக் கோப்பில்தான் தேட வேண்டும். வட்டு உருவாகவில்லை என்றால் கட்டளைப் பாதையைப் பார், உருவாகி மாட்டவில்லை என்றால் தரவுப் பாதையைப் பார் என்று பிரித்துக்கொண்டாலே தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

இனி சிண்டரின் அமைவுக் கோப்பு. அதன் பொதுப் பகுதியில் செயலில் இருக்கும் சேமிப்பகங்களின் பெயர்ப் பட்டியல் ஒரே வரியில் இருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் சதுர அடைப்புக்குறித் தலைப்போடு ஒரு தனிப் பகுதி எழுதி, அதனுள் டிரைவரின் முழுப்பெயர், பூலின் பெயர், பயனர், பெட்டக எண், சேமிப்பகத்தின் வெளிப்பெயர் ஆகியவற்றைத் தர வேண்டும். அந்த வெளிப்பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி ஒரு வட்டு வகையையும் சிண்டரில் உருவாக்க வேண்டும். பயனர் வகையைத் தேர்ந்தெடுக்கிறார், ஷெட்யூலர் வகையிலிருந்து வெளிப்பெயரை எடுக்கிறது, வெளிப்பெயரிலிருந்து சேமிப்பகத்தைக் கண்டுபிடிக்கிறது. இந்தச் சங்கிலியில் ஓரெழுத்து பிசகினாலும் 'பொருத்தமான சேமிப்பகம் இல்லை' என்ற பொருளில் ஒரே ஒரு பிழைச்செய்தி வரும். சேமிப்பகம் காலியாகவே கிடந்தாலும் செய்தி அதேதான். இன்னொரு பொல்லாப்பும் உண்டு. அமைவுக் கோப்பைப் படிக்கும் நூலகம் தனக்குத் தெரியாத அளவுருப் பெயரைக் கண்டால் முறையிடுவதில்லை, பேசாமல் தாண்டிப் போய்விடுகிறது. எழுத்துப்பிழையோடு எழுதிய வரி எழுதப்படாத வரிக்குச் சமம். அதற்குப் பதிலாக இயல்பு மதிப்பே நடைமுறைக்கு வரும்.

பகுதித் தலைப்பாக வைத்த பெயரைப் பின்னால் மாற்றலாம் என்று நினைப்பதும் ஆபத்து. ஒவ்வொரு வட்டின் பதிவிலும் அதை உருவாக்கிய கணினியின் பெயர், சேமிப்பகப் பகுதியின் பெயர், பூலின் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்தே குறிக்கப்படுகின்றன. தலைப்பை அழகுக்காக மாற்றினால் பழைய வட்டுகள் எல்லாம் இல்லாத ஒரு சேவையின் பேரில் அனாதையாக நிற்கும். அவற்றை மீட்பதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது என்றாலும், முதல் நாளிலேயே யோசித்துப் பெயர் வைப்பது மேல்.

கொள்ளளவுக் கணக்கில் சற்று நிதானம் தேவை. டிரைவர் சேமிப்பகத்தின் மொத்த இடத்தையும் மீதி இடத்தையும் குறிப்பிட்ட இடைவெளியில் ஷெட்யூலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. செஃப் இயல்பாக ஒவ்வொரு துண்டையும் 3 நகல்களாக வைப்பதால், 90 டிபி வட்டுகள் வாங்கினால் கையில் நிற்பது 30 டிபி. இந்த 30 டிபியையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது: 85 விழுக்காடு நிரம்பும்போது செஃப் எச்சரிக்கிறது, 95 விழுக்காட்டில் எழுதுவதையே நிறுத்திவிடுகிறது. மறுபுறம், 100 ஜிபி வட்டு கேட்டவர் 5 ஜிபி மட்டும் எழுதியிருந்தால் செலவாவதும் அவ்வளவே என்பதால், இருப்பதைவிடப் பல மடங்கு இடத்தைத் தருவதாக வாக்குறுதி கொடுக்கச் சிண்டர் அனுமதிக்கிறது. எத்தனை மடங்கு என்பதை நிர்வாகியே தன் பயனர்களின் பழக்கம் அறிந்து குறைத்து வைப்பது நல்லது. இயல்பு மதிப்பு தாராளமானது.

வட்டு உருவாகும் வேகத்தைப் பற்றிய புகார்களுக்குப் பெரும்பாலும் டிரைவர் காரணமாக இருப்பதில்லை. இயங்குதளப் பிம்பத்திலிருந்து (இயங்குதளம் முன்பே நிறுவப்பட்ட வட்டின் நகலிலிருந்து) வட்டு கேட்கும்போது, பிம்பமும் அதே செஃப் தொகுதியில், வட்டில் உள்ளபடியே இருக்கும் 'ரா' வடிவில் இருந்து, பிம்பங்களைக் காக்கும் கிளான்ஸ் சேவை அதன் இருப்பிடத்தை வெளியே சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தால், செஃப் நகலெடுக்காமலே மூலத்தைச் சுட்டும் ஒரு கிளையை உருவாக்கித் தருகிறது. இது சில நொடி வேலை. பிம்பம் க்யூகவ்2 என்ற, க்யூஎமுவுக்கே உரிய வடிவில் இருந்தால், அதைச் சிண்டர் இறக்கி, வடிவம் மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும்.

அமைத்து முடித்துச் சேவையை மறுதொடக்கம் செய்ததும், சேவைப் பட்டியலில் புதிய சேமிப்பகம் உயிரோடு இருப்பதாகக் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சேவைகள் இயல்பாக 10 நொடிக்கு ஒருமுறை தம் இருப்பைத் தரவுத்தளத்தில் பதிகின்றன. 60 நொடிக்கு மேல் பதிவு பழையதாக இருந்தால் இறந்ததாகக் கொள்ளப்படுகின்றன. இரு கணினிகளின் கடிகாரங்கள் ஒரு நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால், நன்றாக ஓடும் சேவையும் இறந்ததாகவே தெரியும் என்பதால் நேர ஒத்திசைவை முன்பே சரிபார்ப்பது அவசியம். பிறகு 1 ஜிபி வட்டு ஒன்றை உருவாக்கி, செஃப் பூலில் அதே அடையாள எண்ணோடு அது தோன்றுகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு கணுவிலும் ஒரு மெய்நிகர் கணினியில் மாட்டி எழுதிப் பார்த்து, கழற்றி, அழிக்க வேண்டும். மெய்நிகர் கணினி ஒழுங்காகக் கைவிடாத வட்டை யாரோ இன்னும் பிடித்திருப்பதாகவே செஃப் கருதும். அது அழிய மறுத்தால், கழற்றும் படி எங்கோ முழுமையடையவில்லை என்று பொருள்.