செத்த ஆட்டைப் புதைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே கதை. திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் நடுவில் ஒரு அடிவாரக் கிராமம், பேர் வேண்டாம். காலை எட்டு மணிக்கே ஒரு ஆச்சி என் கால்நடை மருந்தக வாசலில் உட்கார்ந்திருக்கிறார். முந்தாநாள் ராத்திரி புலி வந்து (நம்மூரில் சிறுத்தையும் புலிதான்) மூன்று கன்னி இன ஆடுகளை அடித்துப் போட்டுவிட்டது, எப்படிச் செத்தது என்று சர்டிபிகேட் வேண்டும். சரி ஆச்சி, ஆடு எங்கே என்றால், "நாறும்லா ஐயா, பொதைச்சாச்சு" என்கிறார்.

புதைத்தது இரண்டுதான். மூன்றாவதன் மேல் மகன் வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தைத் தூவி ஓடைக்கரையில் போட்டிருக்கிறான், சிறுத்தை மிச்சத்தைத் தின்னத் திரும்ப வரும் என்று. அது வரவில்லை. தெருநாய் இரண்டு, ஒரு கீரி, எண்ணாத அளவு காக்கை செத்துக் கிடந்தன. நான் எதைப் பார்த்து எதை எழுதுவது?

வனத்துறைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் வருகிற பதில்தான் எனக்குப் பிரஷரை ஏற்றுகிறது. "அவிய புலிக்குத்தான் கோடி கோடியா கொட்டுதாவ, நமக்கு என்னத்தத் தருவாவ?" படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் நல்ல தமிழில்.

புலி துட்டு வாங்காதுங்க. 1973-ல் புலிகள் திட்டம் வந்தது, 1988-ல் நம் களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. அதற்கான பணத்தை மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுத் தருகின்றன. ஆண்டுதோறும் வரும் செலவுக்குப் பாதிப் பாதி, மற்றவற்றுக்கு 60-க்கு 40. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? ராத்திரி காட்டுக்குள் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கு. அதில் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகளும் உண்டு, உங்கள் தெருப் பையனும் உண்டு. கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிற கூலிக்கு. 2024 மே மாதம் வேம்பையாபுரத்தில் கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்தார்களே, அந்த மாதிரிக் கூண்டுக்கும் வண்டிக்கும் மயக்க ஊசிக்கும் பொதுப்பணம்தான். காப்பகத்தில் வாங்கும் நுழைவுக் கட்டணம்கூட சென்னைக்கோ டெல்லிக்கோ போவதில்லை, இங்கேயே இருக்கிற புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளைக்குத்தான் போகிறது. தாமிரபரணியும் மணிமுத்தாறும் பச்சையாறும் அந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன என்பதை நான் சொல்லவே வேண்டாம், கார் பருவ நெல் சாகுபடி செய்கிறவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடிபட்ட ஆட்டுக்குத் தரும் இழப்பீடும் வனவிலங்குப் பாதுகாப்புக்கு அரசு செய்யும் செலவுதான். கேட்காமல் விட்டுவிட்டு, ஒன்றும் தரவில்லை என்றால் எப்படி? தொகை சந்தை விலைக்கு எட்டாது, வர நாளும் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனுவே போடாத ஊரில் சேதமே இல்லை என்றுதான் கணக்கில் ஏறும். அடுத்த வருடத்துக்கு நிதி கேட்கும்போது உங்கள் மூன்று ஆடு அதில் இருக்காது.

நான் பார்ப்பது இவ்வளவுதான். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும், பல் இறங்கிய துளை தெரியும், தோலை உரித்தால் அடியில் ரத்தம் கட்டியிருக்கும். உயிரோடு இருக்கும்போது கடிபட்டால்தான் அப்படிக் கட்டும். நோயில் செத்ததை அப்புறமாக நாய் குதறினால் கட்டாது, ஆகவே என்னை ஏமாற்றப் பார்க்க வேண்டாம். நாய்க்கூட்டம் என்றால் தொடை, வால், வயிறு என்று கண்ட இடத்தில் கிழித்திருக்கும். நாய் கடித்ததைப் புலி என்று எழுதச் சொல்லி என்னோடு மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. 2025-ல் நாய் கடித்துச் செத்த கால்நடைக்கும் அரசு இழப்பீடு அறிவித்துவிட்டது, பொய்க்கு அவசியமே இல்லை.

ஆடு கிடக்கிற இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். சாக்கையோ ஓலையையோ போட்டு மூடுங்கள், அதற்கு முன் தொண்டை தெரிகிற மாதிரி, கால்தடம் தெரிகிற மாதிரி போனில் நாலு படம். உடனே வனக்காப்பாளருக்கு ஒரு போன், பிறகு வி.ஏ.ஓ.வுக்கு, பிறகு எனக்கு. பாஸ்புக் நகல் எடுத்து வையுங்கள். செத்த ஆட்டை வெட்டிக் கறி போடாதீர்கள், தயவுசெய்து. மூக்கில் கறுப்பாக ரத்தம் வடிந்து வயிறு ஊதிக் கிடந்தால் கிட்டேயே போகாதீர்கள், அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், நானே கத்தி வைக்க மாட்டேன். காப்புக்காட்டுக்குள் மேயவிட்டு அடிபட்டால் இழப்பீட்டில் சிக்கல் வரும், அதற்கு என்னைத் திட்டிப் பயனில்லை.

விஷம் மட்டும் வேண்டாம். சிறுத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. கொன்றால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சில ஆயிரம் பெறுகிற ஆட்டுக்காக ஒரு பையன் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போவதா? அந்தக் குருணை மழையில் கரைந்து ஓடையில்தான் இறங்கும், அதே ஓடையில்தான் மறுநாள் உங்கள் மாடு குடிக்கும்.

ஆச்சிக்கு மிச்சம் இருப்பது ஒரு சினை ஆடு. பட்டிக்கு நாலு பக்கமும் முள்வேலி இருக்கிறது, மேலே ஒன்றுமில்லை, சிறுத்தை அப்படித்தான் குதித்திருக்கிறது. மகனைக் கூப்பிட்டு மேலே கம்பிவலை அடித்து ஒரு குண்டு பல்பும் போடச் சொன்னேன். "பாப்போம் சார்" என்றான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், அடித்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும்.