கிராண்ட் கேன்யன்ல முதல்ல இறக்கம், அப்புறம்தான் ஏத்தம்: ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருந்தா ஒரு தடவை படிச்சிட்டுக் கிளம்புங்க

ஜூன் பொறந்தா போதும், வாட்ஸப்ல ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். "அப்பா அம்மா வந்திருக்காங்க, நாலு நாள் லீவு, வேகாஸ் போயிட்டு அப்படியே கிராண்ட் கேன்யனும் பாத்துடலாம்னு இருக்கோம், எதாவது கவனமா இருக்கணுமா டாக்டர்?" நான் வடக்கு அரிசோனால எமர்ஜென்சில வேலை பாக்குறேன், சம்மர்ல கேன்யன்லேர்ந்து வர்ற கேஸ் பாக்காத வாரமே கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

முதல்ல ஒரு கேள்வி, எந்த ரிம்? ரிம்னா கேன்யன் பள்ளத்தாக்கோட மேல் விளிம்பு. இதைக் கேட்டா பாதிப் பேருக்கு பதில் தெரியாது. வேகாஸ்லேர்ந்து ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல போற வெஸ்ட் ரிம், கண்ணாடிப் பாலம் ஸ்கைவாக் இருக்குற இடம், அது ஹுவாலபாய் பழங்குடி மக்களோட நிலம், நேஷனல் பார்க்கே இல்ல, உங்க பார்க் பாஸ் அங்க செல்லாது. நம்ம எல்லாரும் போட்டோல பாத்த கேன்யன் சவுத் ரிம். அது வேகாஸ்லேர்ந்து நாலரை மணி நேரம், ஃபீனிக்ஸ்லேர்ந்து மூணரை நாலு மணி நேரம். நார்த் ரிம் குளிர்காலத்துல மூடிடுவாங்க, போதாக்குறைக்கு 2025 ஜூலைல வந்த காட்டுத்தீல அங்க இருந்த பழைய லாட்ஜே எரிஞ்சு போச்சு. வேகாஸ்லேர்ந்து சவுத் ரிம்முக்கு ஒரே நாள்ல போயிட்டு வர்றேன்னு 65 வயசு அம்மாவ வண்டில ஒம்பது மணி நேரம் உக்கார வைக்காதீங்க, கால் வீங்கி வந்து நிப்பாங்க. ஒரு ராத்திரியாவது அங்க தங்குங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். சவுத் ரிம் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்துல இருக்கு. அதாவது நம்ம கொடைக்கானல் உயரம். பாலைவனம்னு நெனச்சுட்டு வர்றவங்களுக்கு இது தெரியாது, ஜூலைல கூட மேல பகல்ல சராசரியா 29 டிகிரி செல்சியஸ்தான், காத்து சிலுசிலுன்னு அடிக்கும், "என்னடா இது ஊர் வெயில்ல கால்வாசி கூட இல்லையே"ன்னு அப்பா சொல்லுவாரு. அங்கதான் ஏமாறுறாங்க. கீழ ஓடுற கொலராடோ ஆத்தங்கரைல அதே ஜூலைல சராசரி 41 டிகிரி. ஆயிரம் அடி இறங்க இறங்க மூணு டிகிரி ஏறிக்கிட்டே போகும்.

இன்னொண்ணு, பழனி, வெள்ளியங்கிரி ஏறினவங்களுக்கு சொன்னா உடனே புரியும். மலைல முதல்ல ஏறுறோம், மூச்சு வாங்குதா, முட்டி வலிக்குதா, "போதும்பா, நான் இங்கயே உக்காந்துக்கறேன்"னு பாதில திரும்பிடலாம், திரும்புற வழி இறக்கம். கேன்யன் தலைகீழ் மலை. தெம்பு இருக்கும்போது இறக்கம், பேச்சு சிரிப்பு செல்ஃபின்னு போயிடுது, உடம்பு ஒண்ணுமே சொல்லாது. உடம்பு பேச ஆரம்பிக்கறப்போ வெயில் உச்சில இருக்கு, தண்ணி தீந்துபோச்சு, மொத்த ஏத்தமும் பாக்கி. இறங்க ஆன நேரத்தைப் போல ரெண்டு மடங்கு ஏறுறதுக்குன்னு பார்க் ரேஞ்சர்ங்க சொல்லுவாங்க, அது நல்லா நடக்குறவங்களுக்கு. வருஷத்துக்கு 250 பேருக்கு மேல கேன்யனுக்குள்ளேர்ந்து ரெஸ்க்யூ பண்ணித்தான் வெளிய கொண்டு வர்றாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜூலை மாசம், 67 வயசு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பையன்கூட பிரைட் ஏஞ்சல் டிரெய்ல்ல இறங்கியிருக்காரு. "சும்மா ஒரு ஒன்றரை மைல் ரெஸ்ட்ஹவுஸ் வரைக்கும்தான் டாக்டர்"னு பையன் சொன்னாரு. அந்த ஒன்றரை மைல்ல 1,100 அடி இறக்கம் இருக்கு, ரெண்டு பழனி மலைன்னு வச்சுக்கோங்க. கால்ல லெதர் செருப்பு. பதினோரு மணிக்கு இறங்கி முக்கா மணி நேரத்துல கீழ போயாச்சு, மேல வர மூணரை மணி நேரம் ஆச்சு, கடைசி அரை மைல் ரெண்டு பேரு தாங்கிப் புடிச்சு கூட்டிட்டு வந்திருக்காங்க. என்கிட்ட வந்தப்ப மேல் பிரஷர் 84, நாக்கு காஞ்ச ஓலை மாதிரி, கிட்னி திணறுறதைக் காட்டுற கிரியேட்டினின் 2.4.

அவரோட மனைவி ஒரு மஞ்சப்பைய நீட்டினாங்க, அவரு சாப்பிடுற மாத்திரை எல்லாம் அதுல. (எல்லாரும் இப்படி கொண்டு வந்தா எனக்கு பாதி வேலை மிச்சம்.) எடுத்துப் பாத்தா ஒரு பிரஷர் மாத்திரை, பேருக்குப் பின்னாடி ஒரு 'ஹெச்' போட்டிருக்கு. அந்த ஹெச்ங்கறது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைட், நீர் பிரியற மாத்திரை. கூடவே சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், அதுவும் சக்கரையை யூரின் வழியா தள்ளுற மாத்திரை, கூடவே தண்ணியும் போகும். ஆக ரெண்டு மாத்திரை உள்ள இருக்குற தண்ணிய வெளிய தள்ளுது, வெயில் மிச்சத்தை தள்ளுது. "காலைலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சாரும்மா?"ன்னு கேட்டேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் மெதுவா, "காபி மட்டும்தான் தம்பி. வழில ஒண்ணுக்கு வந்தா எங்க போறதுன்னு நாங்க ரெண்டு பேருமே ரோட்டுல போறப்போ தண்ணி குடிக்கிறதில்ல"ன்னாங்க.

இதை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா. நம்ம ஊர் பெரியவங்க, அதுவும் அம்மாக்கள், பயணம்னாலே தண்ணிய நிறுத்திடுவாங்க, பஸ்ல போய்ப் பழகின பழக்கம், நம்மகிட்ட வாய்விட்டு சொல்லவும் மாட்டாங்க. நீங்கதான் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கேஸ் ஸ்டேஷன்ல நிறுத்தணும், அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நிறுத்தணும், "எனக்கு வருது"ன்னு நீங்களே பொய் சொல்லிட்டாவது நிறுத்துங்க. ஆடி மாசமா இருந்தா வெள்ளிக்கிழமை விரதம்னு சிலர் ஒண்ணும் சாப்பிடாம வருவாங்க, அன்னிக்கு கேன்யன் பிளான் வேணாம், அடுத்த நாள் பாத்துக்கலாம்.

மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, அது வேற வம்பு. கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அவங்க டாக்டருக்கு ஒரு போன் போட்டு "இந்த மாதிரி வெயில்ல, 7,000 அடி உயரத்துல ரெண்டு நாள் இருக்கப் போறோம், நீர் மாத்திரை, சுகர் மாத்திரை என்ன பண்றது, வாந்தி பேதி வந்தா எதை நிறுத்தணும்"னு கேளுங்க. இன்சுலின் போடுறவங்க பென்னை கார்லயே வச்சிட்டு இறங்கிடுறாங்க, பூட்டின கார்ல ஒரு மணி நேரத்துல அது கெட்டுப்போக வாய்ப்பிருக்கு, பாக்க ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு சுகர் 400னு வந்து நிப்பாங்க. ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சாலும் வேஸ்ட்தான். ஒரு சின்ன கூல் பௌச்ல போட்டு கையோட வச்சுக்கோங்க. ஹார்ட் ஃபெயிலியர், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு), ரத்தசோகை இருக்குறவங்களுக்கு அந்த உயரத்துலயே மூச்சு வாங்கும், கீழ இறங்குற ட்ரெயில் கிட்டயே கூட்டிட்டுப் போகாதீங்க.

இப்ப இன்னொரு பக்கம். தண்ணி தண்ணின்னு சொல்லி சொல்லி, இளவட்டங்க வேற மாதிரி மாட்டுறாங்க. ஐடில வேலை பாக்குற ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், மாரத்தான் ஓடுறவங்க, அஞ்சு பேர் கேங்கா சவுத் கைபாப் போயிருக்காங்க. அந்த டிரெய்ல்ல கீழ ஆறு வரைக்கும் சொட்டு தண்ணி கிடையாது, அதனால ஆளுக்கு ஆறு லிட்டர் சுமந்துட்டுப் போயிருக்காங்க. இந்தப் பொண்ணு மத்தியானத்துக்குள்ள அஞ்சு லிட்டர் குடிச்சாச்சு, சாப்பிட்டது ஒரு வாழைப்பழம். தலைவலி, வாந்தி. ஃப்ரெண்ட்ஸ் என்ன பண்ணுவாங்க, "டீஹைட்ரேஷன்டி, குடி குடி"ன்னு இன்னும் ஊத்தியிருக்காங்க. "கார் சாவி எங்க, கார் சாவி எங்க"ன்னு அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப கேக்க ஆரம்பிச்சப்பதான் பயந்து ரேஞ்சரைக் கூப்பிட்டிருக்காங்க. ரத்தத்துல சோடியம், அதாவது உப்பு, 118. நார்மல் 135லேர்ந்து 145. ஹெலிகாப்டர்ல கொண்டு வந்தப்ப ஃபிட்ஸ் வர்ற நிலைமை.

வேர்வைல போறது வெறும் தண்ணி இல்ல, உப்பும்தான். உப்பு போயிட்டே இருக்கு, நீங்க வெறும் தண்ணிய மட்டும் ஊத்திட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் நீத்துப் போயிடும், மூளை வீங்கும். கேன்யன்ல காத்து அவ்வளவு வறட்சி, வேர்வை தோல்ல நிக்காம ஆவியாயிடும், வேர்க்குதுன்னே உங்களுக்குத் தெரியாது. தண்ணி குறைஞ்சாலும் சரி, உப்பு குறைஞ்சாலும் சரி, தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால ஒண்ணு மட்டும் யோசிங்க: இவங்க எவ்வளவு குடிச்சாங்க, எவ்வளவு சாப்பிட்டாங்க? நெறைய குடிச்சு, அடிக்கடி யூரின் நிறமே இல்லாம போயிட்டு, சாப்பாடு இல்லாம இருந்தா மேல மேல தண்ணி குடுக்காதீங்க, தெளிவா இருந்தா உப்பான ஏதாவது சாப்பிடக் குடுத்து உக்கார வைங்க. வெயில்ல தண்ணியே இல்லாம வாடினவங்கன்னா நிழல்ல உக்கார வச்சு, சட்டை தலை எல்லாம் நனைச்சு, விசிறி, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. பேச்சு மாறினா, ஆள் குழம்பினா, எதுவா இருந்தாலும் 911. சிக்னல் எல்லா இடத்துலயும் கிடைக்காது, ஒருத்தர் துணைக்கு இருக்க இன்னொருத்தர் மேல போய் சொல்லணும், அதனால தனியா இறங்கவே இறங்காதீங்க.

உப்புக்கு நான் என்ன சொல்றேன்னா, புளியோதரை. சிரிக்காதீங்க. நம்ம வீட்ல ரோட் ட்ரிப்னாலே காலைல நாலு மணிக்கு எழுந்து அம்மா கட்டிக் குடுப்பாங்களே அதே புளியோதரை, லெமன் சாதம், முறுக்கு, மிக்ஸர், ஊறுகா. கடைல விக்கிற எனர்ஜி பாரைவிட எனக்கு அது மேல, ஏன்னா வெயில்ல பசி செத்துப்போயிருக்கும்போது இனிப்பு இறங்காது, புளிப்பும் உப்பும் இறங்கும். தயிர் சாதம் மட்டும் வேணாம், கார் சூட்டுல கெட்டுடும். ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு பைல கிடக்கட்டும். பிரஷர், ஹார்ட், கிட்னின்னு உப்பு குறைக்கச் சொல்லியிருக்குறவங்க இதை எடுத்துக்கிட்டு ஆரம்பிக்காதீங்க, அவங்க ட்ரெயில்ல இறங்கவே வேணாம்னுதான் சொல்றேன். அப்புறம் ஒரு பருத்தித் துண்டு. நனைச்சு கழுத்துல போட்டுக்கோங்க, அந்த வறண்ட காத்துல ஏசி மாதிரி இருக்கும்.

இறங்கித்தான் ஆகணும்னா விடிகாலைல இறங்குங்க, சம்மர்ல காலை பத்துலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் உள்ள நடக்காதீங்கன்னு பார்க்லயே போர்டு போட்டிருக்காங்க. எங்க திரும்பணும்னு இடத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, நேரத்தை வச்சு பண்ணுங்க, இருபது நிமிஷம் இறங்கினா திரும்பு, அவ்வளவுதான். ஒரே நாள்ல ஆறு வரைக்கும் போயிட்டு வர்றேன்னு யாராவது கிளம்பினா தயவுசெஞ்சு தடுங்க.

இறங்கலைன்னா கேன்யன் பாத்த மாதிரி இல்லன்னு சில பசங்க சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. 446 கிலோமீட்டர் நீளம், சில இடத்துல 29 கிலோமீட்டர் அகலம், அதை உள்ள போயி பாக்க முடியாதுங்க, மேல நின்னாதான் தெரியும். ரிம் ட்ரெயில் பெரும்பாலும் சமதளம், நெறைய இடத்துல தார் போட்ட பாதை, வீல்சேர் போகும், நடுவுல ஃப்ரீ ஷட்டில் பஸ் இருக்கு. ஹெர்மிட் ரோட்டுல மார்ச்லேர்ந்து நவம்பர் வரைக்கும் சொந்தக் கார் விடமாட்டாங்க, நடக்க முடியாதவங்க இருந்தா விசிட்டர் சென்டர்ல அக்சசிபிளிட்டி பர்மிட் கேளுங்க. கிராண்ட்வியூ பக்கம் போனா ஒரு கூர்மையான பாறைக் கோபுரம் தெரியும், பேரு விஷ்ணு டெம்பிள். சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள் எல்லாமும் இருக்கு, இந்த மாதிரி பேரு வைக்கறதை 1880கள்ல டட்டன்னு ஒரு ஜியாலஜிஸ்ட் ஆரம்பிச்சு வச்சாரு. ஒரு பாட்டி என்கிட்ட, "கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துவாங்க"ன்னு சீரியஸா கேட்டாங்க, பேரன் வீல்சேரைத் தள்ளிட்டுப் போய் காட்டியிருக்கான், அங்கயே கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்களாம்.

கைப்பிடி இல்லாத விளிம்புதான் அதிகம், போட்டோ எடுக்கறப்போ பின்னாடி பாக்காம நகராதீங்க, பசங்க கையை விடாதீங்க. அணிலுக்கு சிப்ஸ் குடுக்காதீங்க, கடிச்சு தையல் போட வர்றவங்களும் என் லிஸ்ட்ல உண்டு. ஜூலை ஆகஸ்ட்ல மத்தியானம் இடி மின்னல் வரும், விளிம்புலேர்ந்து உடனே வண்டிக்குள்ள போயிடுங்க. அப்பா அம்மாவோட டிராவல் இன்சூரன்ஸ்ல ஏற்கனவே இருக்குற சுகர் பிரஷருக்கு கவர் உண்டான்னு பாலிசிய எடுத்து நீங்களே படிங்க, ஹெலிகாப்டர் பில் வந்தப்புறம் படிச்சு பிரயோஜனம் இல்ல.

சன்செட்டுக்கு ஹோப்பி பாயிண்ட், இல்ல மேதர் பாயிண்ட். வெயில் இறங்கினதும் குளிரும், பெரியவங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, டார்ச் ஒண்ணு. இருட்டினப்புறம் ஹைவே 64ல எல்க்னு ஒரு பெரிய மான் குறுக்க வரும், கிட்டத்தட்ட நம்ம ஊர் எருமை சைஸ், ஹெட்லைட்டைப் பாத்துட்டு அப்படியே நிக்கும். முடிஞ்சா அன்னிக்கு ராத்திரி வண்டி எடுக்காம பார்க் பக்கத்து ஊரான துசாயன்லயே ரூம் போட்டுடுங்க.