கை நடுங்கினாலும் பலகை நடுங்காது

என் அக்கா மகன் தேசிய சேவையை முடித்த கையோடு, "மாமா, நாமளே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யலாமா?" என்று வந்து நின்றான். அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமைகள் ஓடிவிட்டன. என் வீவக வீட்டின் பின்னறையில் கிட்டார் என்று காட்ட எதுவும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஆறேழு எம்டிஎஃப் பலகைகள்தான் கிடந்தன. ஒன்று கிட்டார் உடம்பின் வடிவத்தில், இன்னொன்றில் நடுவே செவ்வகமாய் ஒரு துளை, மற்றொன்று நீளமாய், ஓரமெல்லாம் பல்பல்லாய். "யூடியூப்ல ரெண்டே நாள்ல முடிச்சிடறாங்க மாமா" என்று அலுத்துக்கொண்டான். முடிப்பார்கள்தான். இந்தப் பலகைகளை அவர்கள் என்றைக்கோ செய்து சுவரில் மாட்டியிருப்பார்கள். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

இந்தப் பலகைக்கு டெம்ப்ளேட் என்று பெயர். தீபாவளி நெருங்கும்போது தேக்காவில் துளையிட்ட கோலத் தட்டுகள் விற்பார்களே, அதே சங்கதிதான். பொடியைத் தூவுகிற கை எப்படிப் போனாலும், துளை இருக்கிற இடத்தில்தான் கோடு விழும். ஜிக் என்பது இதற்கு அடுத்த படி. எந்தப் பொருளும் ஆறு விதமாக அசையலாம். முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று நகர்வுகள். அந்த மூன்று திசைகளையும் அச்சாக வைத்து மூன்று சுழற்சிகள். கையில் பிடித்த ரம்பத்துக்கு இந்த ஆறு வழியும் திறந்துகிடக்கிறது. அதனால்தான் வெட்டு கோணிப்போகிறது. வேண்டிய ஒன்றிரண்டு அசைவுகளை விட்டுவிட்டு மீதியை அடைக்கிற சட்டம்தான் ஜிக்.

மரத்தைக் குடைய நாம் எடுப்பது, கடைகளில் டிரிம்மர் என்று கேட்டு வாங்குகிற சிறிய ரவுட்டர். அதில் மாட்டிய வெட்டுக்கத்தியான பிட் நிமிடத்துக்கு 30,000 சுற்றுவரை சுற்றும். அரை அங்குல பிட்டின் வெட்டுமுனை அந்த வேகத்தில் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் லாரி போகிற வேகம். இதை வெறும் கையால் பென்சில் கோட்டின்மேல் ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை நினைப்பார்கள், அவ்வளவுதான். மரத்தின் இழை திரும்புகிற இடத்தில் பிட் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதற்காகத்தான் பிட்டின் தண்டில், வெட்டும் பகுதிக்கு நேர் மேலே, அதே விட்டத்தில் ஒரு பேரிங் இருக்கிறது. டெம்ப்ளேட்டை மரத்தின்மேல் ஒட்டுகிறோம். பேரிங் டெம்ப்ளேட்டின் ஓரத்தில் உருண்டுகொண்டே போகிறது. அதற்குக் கீழே பிட் அதே வடிவத்தை மரத்தில் வெட்டிக்கொண்டே போகிறது. போதிய ஆழம் வந்ததும் டெம்ப்ளேட்டைக் கழற்றிவிடலாம். இப்போது வெட்டிய மரச்சுவரே பேரிங்குக்கு வழிகாட்டும்.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று இங்கே உண்டு. வெட்டும் பகுதி 25 மில்லிமீட்டர் நீளமுள்ள பிட்டை வாங்கிவந்து, 12 மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டை ஒட்டுவார்கள். பேரிங் டெம்ப்ளேட்டைத் தொடவேண்டுமென்றால் பிட்டை அந்த அளவுக்கு இறக்கவேண்டும். கணக்குப் போட்டால், முதல் வெட்டிலேயே பிட் மரத்துக்குள் குறைந்தது 13 மில்லிமீட்டர் போயிருக்கும். பேரிங் சரியாக அமர இன்னும் மூன்று நான்கு மில்லிமீட்டர் இறக்கினால், 16 மில்லிமீட்டர் ஆழம் வேண்டிய குழி ஒரே வெட்டில் முடிந்துவிடும்! டிரிம்மர் அதைத் தாங்காது. கதறும், மரம் கருகும். குட்டையான பிட் வாங்குங்கள், இல்லையென்றால் டெம்ப்ளேட்டைத் தடிமனாகச் செய்யுங்கள். பிட்டின் தண்டையும் பார்த்து வாங்கவேண்டும். 6 மில்லிமீட்டர் தண்டும் கால் அங்குலத் தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கால் அங்குலப் பிடியில் 6 மில்லிமீட்டர் தண்டைப் போட்டால் ஓடும்போது நழுவி இறங்கிவிடும்.

பேரிங்குக்கு நல்லது கெட்டது தெரியாது. டெம்ப்ளேட்டின் ஓரத்தில் ஒரு சிறு மேடு இருந்தால் அதையும் பக்தியோடு நகலெடுக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு செய்த ஒரு டெம்ப்ளேட்டைச் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில் சாய்த்துவைத்திருந்தேன். டிசம்பர் மழை. ஜனவரியில் எடுத்து ஒட்டி வெட்டினால், கிட்டாரின் இடுப்பு வளைவில் ஓர் அலை. எம்டிஎஃப் என்பது மரத்தை நுண்ணிய இழைகளாகப் பிரித்து, பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. அதன் மேல்பரப்பு இறுகியிருக்கும், வெட்டிய ஓரமோ பஞ்சுபோல ஈரத்தைக் குடிக்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதை மறந்துவிட்டு வேலை செய்ததற்குத் தண்டனை அது. இப்போதெல்லாம் ஓரத்தைத் தேய்த்து முடித்ததும் சூப்பர் குளூவை மெல்லிசாக ஓடவிட்டு, காய்ந்தபின் மறுபடி தேய்த்துவிடுகிறேன். ஓரம் கண்ணாடிபோல் கெட்டியாகிவிடும்.

கிட்டார் மரமும் இதே ஈரத்தைக் குடிக்கிறதுதான். ஆனால் அதில் ஓர் அதிசயம் இருக்கிறது. மரம் அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். இழை ஓடுகிற நீளவாக்கில் அசைவு மிகமிகக் குறைவு. கிட்டாரின் கழுத்துக்கு நெக் என்று பெயர். 56 மில்லிமீட்டர் அகலமுள்ள அதன் அடிப்பகுதி, ஏர்கான் அறையிலிருந்து ஜன்னல் திறந்த அறைக்குப் போய்ப் பல வாரங்கள் இருந்தால் அரை மில்லிமீட்டர்கூட ஊதலாம். அதே நெக்கில், குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளின் இடைவெளியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஃபிரெட்டுகளைப் பதிக்கிற பலகையான ஃபிரெட்போர்டை இழை குறுக்காக ஓடுகிற மரத்தில் செய்தால் கிட்டார் மழைக்காலத்தில் ஒரு சுருதி, வெயில்காலத்தில் ஒரு சுருதி பேசும். நெக்குக்கும் உடம்புக்குமான மரத்தை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரமாவது ஒரே அறையில் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். சுங்கை காடுட்டிலிருந்து வந்த எங்கள் நியாத்தோ மரப் பலகை என் புத்தக அலமாரிக்கு மேலே ஒரு மாதம் தூங்கியது.

டெம்ப்ளேட்டில் முதலில் வருவது நடுக்கோடு. மற்ற எல்லா அளவும் அதிலிருந்துதான். செங்கோணம் பார்க்கும் சதுரக்கோல் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பலகையின் நேரான ஓரத்தில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள். அப்புறம் கோலைத் திருப்பிப்போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நல்லது. விரிந்து போனால், அந்த விரிவு கோலின் பிழையைப்போல் இரண்டு மடங்கு. வேறு கருவி எதுவும் வேண்டாம், பிழை தன்னைத்தானே பெரிதாக்கிக் காட்டிவிடும். நெக்கின் டெம்ப்ளேட்டுக்கும் இந்தத் திருப்பிப்போடும் வித்தைதான். பாதி வடிவத்தை மட்டும் அரத்தால் தேய்த்துச் சரிசெய்து, அதையே கவிழ்த்து வைத்து மறுபாதியை நகலெடுக்கவேண்டும். எங்காவது பிசகியிருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பிசகியிருக்கும், கண்ணுக்கு உறுத்தாது.

ஃபிரெட்டுகளின் கதை வேறு. அங்கே காது ஏமாறாது. கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரிக்கவேண்டும் என்றால், ஒவ்வொரு ஃபிரெட்டும் மிச்சமிருக்கிற நீளத்தில் 17.817-இல் ஒரு பங்கைக் குறைக்கவேண்டும். ஃபெண்டர் நிறுவனத்துக் கிட்டார்களின் 25½ அங்குலக் கம்பி நீளம், அதாவது 647.7 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், முதல் ஃபிரெட், நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்குகிற நட்டிலிருந்து 36.35 மில்லிமீட்டரில். இரண்டாவது 70.66-இல். பன்னிரண்டாவது சரிபாதியில், 323.85-இல்.

ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்த ஃபிரெட்டுக்கு அளந்துகொண்டே போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் பென்சில் முனையின் அகலத்தில் 0.2 மில்லிமீட்டர் ஒரே பக்கமாகத் தவறினால், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 2.4 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். சுருதிக் கணக்கில் அது ஓர் அரைச்சுரத்தின் நூற்றில் 13 பங்கு. பழகாத காதுகூட முகம் சுளிக்கும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்தால் அதே 0.2 மில்லிமீட்டர் தவறு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் நூற்றில் ஒரு பங்குதான். யாருக்கும் தெரியாது.

ஓரமெல்லாம் பல்பல்லாய் இருந்த அந்த நீளப் பலகை இந்த வேலைக்குத்தான். ஒவ்வொரு பல்லிடுக்கும் ஒரு ஃபிரெட்டின் இடம். அதன்மேல் ஃபிரெட்போர்டை ஒட்டி, ரம்பப் பெட்டியில் பதித்த ஓர் ஆணியில் பல்லிடுக்கை மாட்டி, வெட்டி, அடுத்த இடுக்குக்கு நகர்த்தவேண்டியதுதான். ரம்பம் நின்ற இடத்திலேயே நிற்கும், மரம்தான் நகரும். அளப்பது என்ற வேலையே அங்கே இல்லை.

அளவை அச்செடுக்கும்போது மருமகன் ஒரு கூத்து செய்தான். ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டிக்கொண்டு வந்தான். வைத்துப் பார்த்தால் குட்டையாக இருந்தது. அச்சுப்பொறி தாளுக்குள் அடக்குவதற்காக எல்லாவற்றையும் 97 விழுக்காடாகச் சுருக்கிவிட்டது. 647.7 மில்லிமீட்டர் 628.3 ஆகியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், கிப்சன் கிட்டார்களுக்குச் சொல்லப்படும் 24¾ அங்குலம் கிட்டத்தட்ட அதே அளவுதான், 628.65. ஃபெண்டர் என்று நினைத்து அச்சடித்தது கிப்சனாகப் பிறந்துவிட்டது! ஃபிரெட்டுகள் தங்களுக்குள் சரியாகத்தான் இருந்திருக்கும். கம்பிகளின் மறுமுனையை உடம்பில் தாங்குகிற பிரிட்ஜை மட்டும் பழைய அளவில் பொருத்தியிருந்தால் ஒரு சுரமும் நின்றிருக்காது. அச்செடுத்தவுடன் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்ப்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

நெக்கை உடம்பில் திருகாணியால் பொருத்துகிற முறையையே லியோ ஃபெண்டர் இப்படிப்பட்ட வேலைக்காகத்தான் பிடித்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்தவர் அவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் விற்கத் தொடங்கிய, பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டார், தட்டையான ஒரு பலகையும் நான்கு திருகாணிகளும்தான். ஆணியடித்து நிறுத்திய டெம்ப்ளேட்டைச் சுற்றி வெட்டி எடுக்க அதைவிடத் தோதான வடிவம் கிடையாது. அந்தக் காலத்து ஃபெண்டர் உடம்புகளில் சாயத்துக்கு அடியில் அந்த ஆணித் துளைகளை அடைத்த வட்டத் தடங்களைப் பார்க்கலாம்.

நெக் உட்காருகிற குழிதான் முழு வேலையிலும் பொல்லாத இடம். அதன் நீளம் சுமார் 76 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் ஒரு முனை அரை மில்லிமீட்டர் சாய்ந்தால், மறுகோடியில் நட் 3 மில்லிமீட்டர் விலகி நிற்கும். கடைசி ஃபிரெட்டுக்கு மேலே கம்பிகள் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஒதுங்கும். ஓரக் கம்பிக்கும் ஃபிரெட்போர்டின் விளிம்புக்கும் இருப்பதே சுமார் 3 மில்லிமீட்டர்தான். விரலால் இழுத்து வாசித்தால் கம்பி விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும்.

இதற்கு அளவுகோலை நம்பவேண்டாம், நெக்கையே நம்பலாம். நடுக்கோடு போட்ட உடம்பின்மேல் நெக்கைப் படுக்கவைத்தோம். நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜில் ஓரக் கம்பிகள் வரவேண்டிய புள்ளிகள்வரை தையல் நூலை இழுத்து ஒட்டினோம். மருமகன் நெக்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்த, நான் குனிந்து நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தேன். வந்ததும், "அசையாதே" என்று சொல்லிவிட்டு, நெக்கின் இரண்டு பக்கத்திலும் பின்முனையிலும் நேரான எம்டிஎஃப் துண்டுகளை அணைத்து வைத்து ஒட்டினேன். ஒட்டுவதற்கு இருபக்க டேப்பைவிட இது நல்லது: மரத்தில் ஒரு மாஸ்கிங் டேப், எம்டிஎஃப்பில் ஒரு மாஸ்கிங் டேப், நடுவில் சூப்பர் குளூ. வழுக்காது, உரித்தால் தடமும் இருக்காது. நெக்கை எடுத்தபோது அது இருந்த இடம் வெற்றிடமாக, துல்லியமாக நின்றது. நெக்கின் பக்கங்களில் முன்கூட்டியே ஒரு சுற்று டேப் ஒட்டியிருந்தோம். பின்னால் அடிக்கப்போகிற வார்னிஷுக்கு அந்த இடைவெளி.

இவ்வளவும் சத்தமில்லாத வேலை. அரம், உப்புத்தாள், நூல். ரவுட்டர்தான் ஊரைக் கூட்டும். எதிர்வீட்டு ஆன்ட்டி முன்பு ஒருமுறை என்னிடம் சடைத்துக்கொண்டிருந்ததால், முந்தின நாளே போய், "நாளைக்கு மத்தியானம் கொஞ்சம் மெஷின் ஓடும் ஆன்ட்டி" என்று சொல்லிவைத்தேன். அவரும் அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சலித்துக்கொண்டார்.

மறுநாள் முகக்கவசம் போட்டுக்கொண்டோம். எம்டிஎஃப் தூள் நுரையீரலுக்கு ஆகாது. குழியின் பெரும்பகுதியை முதலில் ட்ரில்லால் துளைத்து எடுத்துவிட்டோம். அப்புறம் ரவுட்டர். குழிக்குள் ஓட்டும்போது கடிகாரம் சுற்றுகிற திசையில் போகவேண்டும். பிட் மரத்தை எதிர்த்து வெட்டும், கைக்குக் கட்டுப்படும். எதிர்த்திசையில் ஓட்டினால் பிட் மரத்தின்மேல் சக்கரம்போல ஏறி ஓடப்பார்க்கும். நான்கு சுற்று, ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்புகளுக்கான குழிகள் இரண்டும் சேர்த்து கால் மணி நேரம் ஆனது. நெக்கைக் குழிக்குள் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். திருகாணி ஒன்றுகூடப் போடவில்லை. நெக்கை மட்டும் பிடித்துத் தூக்கினால் உடம்பும் கூடவே தொங்கிக்கொண்டு வந்தது.

கதவைத் தட்டும் சத்தம். எதிர்வீட்டு ஆன்ட்டி, வெளியே போகிற சேலையில், கையில் குடையோடு.

"என்ன தம்பி, மெஷின் கெட்டுப்போச்சா?"