பெர்க்லி மல்டிகல்ச்சுரல் சென்டர் சும்மா வந்துடல

அமெரிக்காவுக்கு படிக்கப் போற பசங்களுக்கு கவுன்சிலிங் பண்றது என் வேலை. லோன், விசா, ஹாஸ்டல்னு குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க, ஆனா கேம்பஸ்ல மல்டிகல்ச்சுரல் சென்டர்னு ஒண்ணு இருக்கும், பல இன, பல நாட்டுப் பசங்க கூடிப் பழகுற இடம், முதல் வாரமே போய்ப் பாருன்னு சொன்னா "அது அமெரிக்கப் பசங்களுக்குத்தானே மேடம்"னு விட்டுடுறாங்க. அப்புறம் மூணாவது மாசம் போன் வரும், பேச ஆளே இல்ல, ரூம்லயே கிடக்கேன்னு.

தமிழ் இருக்கை இருக்குறதால கலிஃபோர்னியாவுல இருக்குற பெர்க்லி யுனிவர்சிட்டி நம்மாளுங்களுக்குத் தெரிஞ்ச பேருதான், அதனால அங்க இந்த சென்டர் எப்படி வந்துச்சுங்குற கதையையே சொல்றேன்.

1969 ஜனவரியில கறுப்பின, மெக்சிகன், ஆசிய, பூர்வகுடி மாணவர்கள் 'தேர்ட் வேர்ல்ட் லிபரேஷன் ஃப்ரன்ட்'னு ஒண்ணா சேர்ந்து எங்க வரலாறையும் பாடமா வைங்கன்னு ஸ்ட்ரைக்ல இறங்குனாங்க. அப்போ கலிஃபோர்னியா கவர்னர் ரொனால்ட் ரீகன், எமர்ஜென்சியே அறிவிச்சாரு. கடைசியில இந்த இனங்களோட வரலாறு, வாழ்க்கையைப் படிக்கிற எத்னிக் ஸ்டடீஸ் துறை வந்துச்சு. முப்பது வருஷம் கழிச்சு அந்தத் துறைக்கே பணத்தைக் குறைச்சாங்க, ரிட்டயர் ஆன பேராசிரியர்கள் இடத்துக்கு ஆள் போடல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், 1996ல, ப்ரொபோசிஷன் 209னு கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்ட ஒரு சட்டம் பாஸாகி, அட்மிஷன்ல இனத்தைக் கணக்குல எடுக்கக்கூடாதுன்னு ஆகி, கறுப்பின, லத்தீனோ பசங்க எண்ணிக்கை சரிஞ்சிருந்துச்சு. 1999 ஏப்ரல்ல மாணவர்கள் பாரோஸ் ஹால்ல உள்ள புகுந்து உக்காந்தாங்க, அப்புறம் சில பேரு சாப்பாட்டையே விட்டுட்டு நிர்வாகக் கட்டடத்துக்கு வெளியவே படுத்தாங்க, போலீஸ் வந்து நிறைய பேரைக் கைது பண்ணுச்சு. மே மாசம் யுனிவர்சிட்டித் தலைவரான சான்சலர் ராபர்ட் பெர்டால் இறங்கி வந்தாரு. அப்போ போட்ட ஒப்பந்தத்துல புது பேராசிரியர் பதவிகளோட இந்த சென்டரும் ஒரு அம்சம். பட்டினி கிடந்து வாங்குன இடம்ங்க அது, யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்ல.

இப்போ டெக்சாஸ் பக்கம் பாருங்க. அரசு யுனிவர்சிட்டிகள்ல இனம், பாலினம் சார்ந்த டைவர்சிட்டி ஆஃபீஸ்கள் நடத்தக்கூடாதுன்னு எஸ்பி 17னு ஒரு சட்டம் 2024 ஜனவரி 1ல அமலுக்கு வந்துச்சு, அதனால ஆஸ்டின்ல இருக்குற டெக்சாஸ் யுனிவர்சிட்டியில பல வருஷமா இருந்த மல்டிகல்ச்சுரல் என்கேஜ்மென்ட் சென்டரை மூடிட்டாங்க. அதே வருஷம் யூட்டாவுலயும் இந்த மாதிரி சட்டம், அங்கயும் சென்டர்கள் போச்சு. எனக்கு இது ரொம்ப வேதனையா இருக்கு, ஏன்னா நம்ம பசங்க நிறைய பேரு போறது டெக்சாஸுக்குத்தான்.

அதனால காலேஜ் லிஸ்ட் போடும்போதே இந்த சென்டர் இன்னும் இருக்கா, பேரு மாத்தியிருக்காங்களான்னு சீனியர்ஸ்கிட்ட கேளுங்க. மூடியிருந்தா அந்தப் பசங்க இப்போ எங்க கூடுறாங்கன்னும் கேட்டு வைங்க. ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க, ஐ-20 (விசாவுக்காக காலேஜ் கொடுக்குற படிவம்), விசா வேலைக்கெல்லாம் இன்டர்நேஷனல் ஆஃபீஸ்தான் போகணும், இந்த சென்டர்ல அது நடக்காது. இங்க உக்காந்து படிக்கலாம், நிகழ்ச்சி நடத்தலாம், வேற நாட்டுக்காரங்ககிட்ட பழகலாம். "அங்க போனா அரசியல்ல மாட்டிக்குவானா?"னு கேக்குற அப்பா அம்மாவுக்கு, உள்ள போய் உக்கார்றதுக்கு யாரும் கொடி பிடிக்கச் சொல்றதில்ல, தைரியமா அனுப்புங்க.