கோப்பில் இல்லாத தாள்

அந்தப் பெண் கொண்டுவந்த கோப்பு நல்ல கனம். ஆறு ஆண்டுகளின் ஸ்கேன்கள், ஹார்மோன் பரிசோதனைகள், கருக்குழாய் எக்ஸ்ரே, மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி ஒன்று. கடைசிப் பக்கம்வரை புரட்டியும் கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கை மட்டும் கிடைக்கவில்லை. கேட்டேன். உடன் வந்திருந்த மாமியார் முந்திக்கொண்டார்: "அவனுக்கு என்ன டாக்டர், நன்றாகத்தானே இருக்கிறான்!"

குழந்தையின்மைச் சிகிச்சை செய்கிற எனக்கு இந்தப் பதில் பழகிப்போன ஒன்று. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்த ஒரு தாள் விடுபட்டுப்போவதற்கு நாம் பேசும் பேச்சும் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மலடி என்ற சொல் நம் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. மலடன் என்ற சொல்லும் அகராதியில் உண்டு. ஆனால் ஒருவரை அப்படி ஏசி நான் கேட்டதில்லை. "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி மருமகளைத்தான் தேடி வருகிறது. "வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை" என்னும்போது அந்த வயிறும் அவளுடையதுதான். இப்படியே கேட்டுப் பழகிய குடும்பம், யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. உண்மையில், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் இருக்கிறது. சில நேரம் அது மட்டுமே, சில நேரம் பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்து.

மருத்துவர்களாகிய நாங்களும் சளைத்தவர்கள் அல்லர். அடுத்தடுத்துக் கரு கலைந்து வேதனையில் இருப்பவரை, கலைப்பதையே வழக்கமாகக் கொண்டவர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறித்தோம். அவருக்கு நேர்ந்ததை அவர் செய்ததாக எழுதிவைத்தோம்.

இவற்றைவிட எனக்குக் கவலை தரும் சொல் 'ஆண்மைக் குறைவு'. விறைப்பில் சிக்கல் இருந்தாலும் அதே பெயர், விந்தணு குறைந்தாலும் அதே பெயர். இரண்டும் வேறு வேறு. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். விளம்பரங்களில் அந்தச் சொல்லைப் பார்த்தே வளர்ந்தவர், பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கத் தயங்குவதில் வியப்பில்லை. தன் ஆண்மைக்கே மதிப்பெண் போடப்போகிறார்கள் என்று அஞ்சுகிறார்.

அந்தக் கனமான கோப்புடன் வந்த பெண்ணின் கணவருக்கும் அணு இல்லை என்றே அறிக்கை வந்தது. தாழ்ந்த குரலில், "அப்படியானால் நான் ஆண் இல்லையா டாக்டர்?" என்று கேட்டார். ஒரு தாளில் வரைந்து காட்டினேன்: விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலக்கிறது, அதே விரையில் உருவாகும் அணுக்கள் குழாய் வழியாக வெளியே வருகின்றன, உங்களுக்கு அடைபட்டிருப்பது அந்தக் குழாய்தான். விரையிலிருந்தே அணுக்களை எடுத்துச் சிகிச்சை செய்ய வழி உண்டு என்றும் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் பேசினார்: "வீட்டில் எனக்குத்தான் குறை என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்குக் கேட்டுப் பழகிவிட்டது. அவரால் தாங்க முடியாது."

28 வயதில் சிகிச்சையைத் தொடங்கிய அந்த மனைவிக்கு இப்போது 34. வயது ஏற ஏறக் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைந்துகொண்டே போகும். இந்த ஆறு ஆண்டுகளை என்னால் திருப்பித் தர முடியாது.

இப்போதெல்லாம் முதல் நாளே கோப்பில் இருவர் பெயரையும் எழுதுகிறேன். ஆண்மை என்ற சொல்லை எடுப்பதே இல்லை. விந்தணு எண்ணிக்கை, அசைவு, வடிவம் என்றுதான் பேசுகிறேன். ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வாருங்கள். கணவருக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு ஒரு மாதிரி கொடுத்தால் போதும். மனைவியை லேப்ராஸ்கோப்பிக்கு அனுப்பும் முன் அந்த அறிக்கை கையில் இருக்கட்டும்.